நேராக உட்கார்ந்தால் மட்டும் போதுமா?

பள்ளி திறக்கும் பருவம் வந்தால் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடை வாசல்களில் புத்தகப்பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். கார்ட்டூன் படம் போட்ட பைகளுக்கு நடுவே சில ஆண்டுகளாக இன்னொரு ரகமும் இடம்பிடித்திருக்கிறது. முதுகு படும் பக்கத்தில் தடித்த மெத்தை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார், கூடவே முதுகெலும்பின் படம் அச்சிட்ட அட்டை. சாதாரணப் பையைவிட இரண்டு மூன்று மடங்கு விலை சொல்வார்கள். பெற்றோர் சற்று யோசித்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். பிள்ளையின் முதுகு வளைந்துவிடும் என்ற பயத்துக்கு முன்னால் பேரம் எடுபடாது. அந்தப் பையோடு, வீட்டில் கிடைக்கும் ‘கூன் போடாதே’, வகுப்பில் கிடைக்கும் ‘நேராக உட்கார்’ என்ற இரண்டு அதட்டல்களையும் சேர்த்துக்கொண்டால், நம் பிள்ளைகளுக்கு முதுகைப் பற்றிக் கிடைக்கும் கல்வி ஏறக்குறைய முடிந்துவிடும். இதில் எதுவும் கெடுதல் இல்லை. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், முதுகுவலியைத் தடுப்பதில் இவற்றின் பங்கு நாம் நம்பிக்கொண்டிருப்பதைவிட மிகச் சிறியது என்று தெரிகிறது. பெரிய பங்கு உடலின் அசைவுக்கு இருக்கிறது. அதற்கான நேரத்தைத்தான் பள்ளியும் வீடும் சேர்ந்து பிள்ளைகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொண்டிருக்கின்றன.

முதலில் பையை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் இது பழைய புகார். ஒவ்வொரு கல்வியமைச்சர் காலத்திலும் எழுந்து அடங்கி மறுபடியும் எழுவது. 2022இன் தொடக்கத்தில் அப்போதைய மூத்த கல்வியமைச்சர் ராட்சி ஜிடின் இதற்கென்று சில நடவடிக்கைகளை அறிவித்தார். பாடநூல்களைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது, மின்னியல் பாடநூல், கால அட்டவணையைச் சீரமைப்பது, புத்தகங்களை வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போக இடம் ஒதுக்குவது என்று அவை போயின. அவருக்குப் பின் வந்த ஃபட்லினா சிடேக் காலத்திலும் பேச்சு ஓயவில்லை. தமிழ்நாட்டில் இதே சிக்கல் நீதிமன்றம்வரை போனது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன், முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, பையின் கனத்துக்கு வரம்பு வேண்டும் என்று உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து அந்த ஆண்டின் இறுதியில் இந்திய மத்திய அரசு, முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஒன்றரைக் கிலோ என்று தொடங்கிப் பத்தாம் வகுப்புக்கு 5 கிலோ என்று முடியும் ஒரு பட்டியலை மாநிலங்களுக்கு அனுப்பியது. 2020இல் வந்த இந்தியப் பள்ளிப்பைக் கொள்கையோ, பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்றது. 20 கிலோ எடையுள்ள முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு 2 கிலோ. இழுத்துச் செல்லும் சக்கரப்பை என்றால் அந்த 2 கிலோவில் பெரும்பகுதியைக் காலிப்பையே எடுத்துக்கொண்டுவிடும்.

இந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது? அதைத் தாண்டினால் இத்தனை பிள்ளைகளுக்கு முதுகுவலி வரும் என்று யாரும் நிறுவிக் காட்டிய எல்லைக்கோடு அல்ல அது. நிபுணர்கள் கூடிப் பேசிப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வைத்த அளவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 10 முதல் 20 விழுக்காடுவரை என்று சொல்லிவந்திருக்கிறது. 2018இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த குழு ஒன்று, பள்ளிப்பையையும் முதுகுவலியையும் பற்றி வந்திருந்த 69 ஆய்வுகளை மொத்தமாக ஆராய்ந்தது. அவற்றில் 72,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். பையின் கனமோ வடிவமோ தூக்கும் முறையோ முதுகுவலியை உண்டாக்குகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்பதே முடிவு. ஒரு சுவையான விவரம் மட்டும் தென்பட்டது. பை எத்தனை கிலோ என்பதற்கும் வலிக்கும் தெளிவான தொடர்பு இல்லை. ஆனால் ‘என் பை ரொம்பக் கனம்’ என்று சொன்ன பிள்ளைகளிடம் வலி கூடுதலாக இருந்தது. அதே 4 கிலோவை ஒரு பிள்ளை சுமையாக உணர்கிறது, இன்னொன்று கண்டுகொள்வதே இல்லை. வலி இருப்பதால் பை கனமாகத் தோன்றலாம். உடலில் வலு குறைவாக இருப்பதால் இரண்டுமே நேரலாம்.

அப்படியானால் கனமான பையை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. ஏழு வயதுப் பிள்ளை பையின் கனத்தில் பின்னால் சாய்ந்தபடி மூன்றாம் மாடிக்குப் படியேறும்போது தடுக்கி விழலாம். தோள்பட்டையில் வார் அழுத்திச் சிவந்துபோகிறது, வகுப்புக்குப் போகும்போதே களைப்பு வந்துவிடுகிறது. பையைக் குறைக்க இந்தக் காரணங்களே போதும். எடுத்துப் போகத் தேவையில்லாத நடவடிக்கை நூல்களைத் தினமும் சுமக்கவைப்பது பள்ளியின் சோம்பேறித்தனமே ஒழிய வேறில்லை. நான் எதிர்ப்பது இதற்கடுத்த தாவலைத்தான். பையைக் குறைத்தாயிற்று, அலமாரி வாங்கியாயிற்று, ஆகவே முதுகைக் காத்தாயிற்று என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் திருப்திப்பட்டுக்கொள்கின்றன. அத்தோடு மற்றதெல்லாம் மறந்துபோகிறது.

‘நேராக உட்கார்’ என்ற கட்டளையின் கதையும் இதைப் போன்றதே. உட்காரும் விதத்தால் முதுகெலும்பு கெடும் என்ற அச்சம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பள்ளிகளிலேயே இருந்தது. அமெரிக்காவில் 1914இல் நிமிர்ந்த தோற்றத்துக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கு அறிவியல் கவசம் போட்டது 1960களில் சுவீடன் மருத்துவர் நாகெம்சன் செய்த அளவீடுகள். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர், நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது என்றார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஏறியது அந்தப் படம். 1999இல் ஜெர்மனியில் வில்க்க என்பவரின் குழு நவீனக் கருவியால் மறுபடி அளந்தபோது வேறு கணக்கு வந்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், முதுகைத் தளர்த்தி உட்கார்ந்தால் 0.46, விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தால் 0.55. அளக்கப்பட்டது ஒரே ஒரு ஆளின் முதுகு என்பதால் இதைக் கல்வெட்டாக்கிவிடக் கூடாது. ஆனாலும் ஆசிரியருக்குப் பிடித்தமான அந்த விறைத்த நிலைக்குத்தான் அழுத்தம் கூடுதல் என்பதைக் கவனிக்கலாம். நிமிர்ந்தே இருக்க முதுகுத் தசைகள் இடைவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பும் சுமைதான்.

மக்கள்தொகை அளவில் செய்த ஆய்வு என்றால் மேற்கு ஆஸ்திரேலியாவின் ரெய்ன் ஆய்வைச் சொல்ல வேண்டும். பெர்த் நகரில் தாயின் வயிற்றில் இருந்த காலம் தொட்டு ஒரு தலைமுறையைப் பின்தொடர்ந்து வரும் ஆய்வு அது. அதில் 17 வயதான ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரும்போது கழுத்தும் மார்பும் எப்படி இருக்கின்றன என்று படமெடுத்து, நிமிர்ந்தவர், தளர்ந்தவர், தலையை முன்னே நீட்டியவர் என்று வகை பிரித்தார்கள். எந்த வகைக்கும் கழுத்துவலி கூடுதலாக இல்லை. அவர்களுக்கு 22 வயதானபோது மறுபடி கேட்டார்கள். ஆண்களிடம் வேறுபாடு இல்லை. பெண்களிடம், 17 வயதில் தளர்ந்து உட்கார்ந்தவர்களைவிட நிமிர்ந்து உட்கார்ந்தவர்களுக்கே நீடித்த கழுத்துவலி கூடுதலாக இருந்தது. தளர்ந்து உட்கார்ந்த பிள்ளைகளிடம் மனச்சோர்வு சற்று அதிகம் என்பது அந்த ஆய்வில் கிடைத்த இன்னொரு செய்தி. கூனிக் குறுகி உட்காரும் பதின்ம வயதுப் பிள்ளையைப் பார்த்து முதுகைத் தட்டி நிமிர்த்துகிறோம். என்ன கவலை என்று கேட்பது பெரும்பாலும் தோன்றுவதில்லை.

கைத்தொலைபேசிக் கழுத்து பற்றிய படமும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றாத நாளில்லை. தலை 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் 27 கிலோ ஏறுகிறது என்று அது சொல்லும். 2014இல் நியூயார்க் அறுவை மருத்துவர் ஒருவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு அது. யாருடைய கழுத்திலும் அளந்ததல்ல. யாருக்கு வலித்தது என்றும் அதில் இல்லை. குனிந்து எழுதிய, தைத்த, பூக்கட்டிய தலைமுறையினர் கழுத்தோடுதான் வாழ்ந்தார்கள். தொலைபேசியில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: அது பிள்ளையை மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் கட்டிப்போடுகிறது, இரவில் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது. தூக்கக் குறைவுக்கும் பதின்ம வயது முதுகுவலிக்கும் உள்ள தொடர்பு, கழுத்து வளையும் கோணத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பைவிட உறுதியாகத் தெரிகிறது. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் பள்ளி வேனுக்குள் அடைந்து, மாலையில் டியூஷனும் முடித்து வரும் கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைக்கு இது பொருந்தாமல் இருக்குமா?

சரி, எதைக் கற்றுக்கொடுத்தால் பலன்? இதற்கும் சோதனைகள் உண்டு. பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்தார் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முதுகுப் பராமரிப்பு வகுப்புகளை ஒழுங்காக நடத்தினார்கள். எப்படித் தூக்குவது, எப்படி உட்காருவது, பையை எப்படி மாட்டுவது என்று பிள்ளைகள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். எட்டு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் அந்த அறிவு மிச்சமிருந்தது. முதுகுவலி மட்டும் பாடம் கேட்காதவர்களுக்கு எவ்வளவு வந்ததோ அவ்வளவே வந்திருந்தது. நியூசிலாந்தில் 2015இல் வெளியான ஆய்வு வேறு வழியில் போனது. எட்டு முதல் பதினொரு வயது வரையிலான 700க்கும் மேற்பட்ட பிள்ளைகள். எல்லோருக்கும் முதுகைப் பற்றிய பாடம் உண்டு. சில பள்ளிகளில் மட்டும் கூடவே தினமும் செய்யச் சில எளிய முதுகு அசைவுகளையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்பது மாதத் தொடர் கண்காணிப்பில், அசைவுகளையும் செய்த பள்ளிகளில் வலி குறைவாக இருந்தது. பிள்ளைகள் தினமும் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதையும் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அரைகுறையாகச் செய்ததற்கே பலன் தெரிந்தது என்று நான் இதை வாசிக்கிறேன். பலன் சிறியது என்று வாசிப்பவரோடும் எனக்குச் சண்டை இல்லை. உடலின் அமைப்பும் இதற்கு ஒத்துப்போகிறது. முதுகெலும்பு வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் போவதில்லை. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்துவரும் சத்துதான் அதற்கு உணவு. சுமை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும்போது நீர் வெளியேறித் திரும்ப ஊறுகிறது. எவ்வளவு அழகாக நிமிர்ந்து உட்கார்ந்தாலும் அசையாமல் இருக்கும் முதுகில் அந்த ஏற்ற இறக்கம் மந்தமாகிவிடும்.

நம் பள்ளிகளில் இதற்கான கருவி புதிதாக எதுவும் வேண்டியதில்லை. நான்காம் ஆண்டு முதல் எல்லா மாணவர்களும் ஆண்டுக்கு இருமுறை ‘செகாக்’ எனும் தேசிய உடல் தகுதிச் சோதனையைச் செய்கிறார்கள். 30 சென்டிமீட்டர் உயர பெஞ்சில் தாளத்துக்கு ஏற்ப மூன்று நிமிடம் ஏறி இறங்குவார்கள். பிறகு தண்டால், மல்லாந்து படுத்துப் பாதி எழும் வயிற்றுப் பயிற்சி, கால் நீட்டி உட்கார்ந்து கையைப் பாதத்துக்கு அப்பால் நீட்டி அளப்பது. இந்த நான்கையும் முதுகு மருத்துவர் ஒருவர் பார்த்தால், தாங்கும் திறன், மேலுடல் வலு, வயிற்றுத் தசை, தொடைப் பின்தசையின் நெகிழ்வு என்று முதுகுக்கு வேண்டிய எல்லாமே இருப்பதாகச் சொல்வார். ஆனால் நடப்பது என்ன? சோதனை நாளன்று மூச்சுவாங்கச் செய்து, மதிப்பெண்ணைப் படிவத்தில் ஏற்றிவிட்டு, அடுத்த சோதனைவரை மறந்துவிடுகிறார்கள். கால் நீட்டிக் குனிந்து பெருவிரலைத் தொட முடியாத பிள்ளைக்கு, அடுத்த ஐந்து மாதத்தில் என்ன செய்தால் தொடலாம் என்று சொல்லித் தருவதுதான் முதுகுக் கல்வி. அளந்து எழுதுவதோடு நின்றுவிட்டால் அது கணக்கெடுப்பு.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள் சொல்லக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். நகரத்துப் பள்ளிகளுக்குத் திடல் எங்கே இருக்கிறது? இரண்டாயிரம் பேர் அளவில் படிக்கும் கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பள்ளியில் எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் நிற்கவாவது இடம் இருக்குமா? நியாயமான கேள்வி. அதனால்தான் நியூசிலாந்துச் சோதனையைச் சொன்னேன்; அந்த அசைவுகளுக்குத் திடல் தேவையில்லை, மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே உள்ள இடமே போதும். பாடம் மாறும் வேளையில் எல்லோரும் எழுந்து, முன்னே குனிந்து, பின்னே வளைந்து, இரண்டு பக்கமும் சாய்ந்து உட்கார இரண்டு நிமிடம் ஆகலாம். முப்பத்தைந்து பேரை எழுப்பினால் மறுபடி அடக்க அரைமணி நேரமாகும் என்பது அடுத்த மறுப்பு. முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். காலைச் சபைகூடலுக்கு வரிசை கட்டப் பழகிய பிள்ளைகள் இதற்கும் பழகிவிடுவார்கள். உட்காரும் இடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரே வகுப்பில் உயரத்தில் ஒரு சாண் வித்தியாசமுள்ள பிள்ளைகள் ஒரே அளவு நாற்காலியில் உட்காருகிறார்கள். சிறிய பிள்ளைக்குக் கால் தரையில் எட்டாமல் தொங்குகிறது, நாற்காலியின் விளிம்பு தொடையை அழுத்துகிறது, அதனால் நுனிக்கு நகர்ந்து உட்காருகிறது. அப்புறம் முதுகைச் சாய்க்க எங்கே போவது? இரண்டு மூன்று அளவு நாற்காலிகளை ஒரே வகுப்பில் கலந்து வைப்பது விலை உயர்ந்த பையைவிட மலிவான ஏற்பாடு.

பரதமும் சிலம்பமும் நிமிர்ந்த உடலைத்தானே கற்றுத்தருகின்றன, நீங்கள் நிமிர்வதையே குறை சொல்கிறீர்களே என்று ஒருவர் மடக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆப் ஃபைன் ஆர்ட்ஸில் அடவு பழகும் சிறுமியைக் கவனியுங்கள். அரைமண்டியில் முதுகை நேராக வைத்து நிற்கிறாள். அடுத்த நொடி கால் தட்டுகிறாள், பக்கவாட்டில் சாய்கிறாள், சுற்றித் திரும்பி மறுபடி அரைமண்டிக்கு வருகிறாள். அங்கே நிமிர்வது என்பது ஓர் இயக்கத்தின் தொடக்கமும் முடிவும். தசைக்கு வலு ஏறுவது அந்தப் போக்குவரத்தில்தான். அதே சிறுமியை அரைமணி நேரம் அசையாமல் அரைமண்டியில் நிற்கச் சொன்னால் எந்த நட்டுவனாரும் ஒப்பமாட்டார். வகுப்பறையில் மட்டும் அதைத்தான் கேட்கிறோம்.

பிள்ளைகளிடம் முதுகைப் பற்றி எந்தத் தொனியில் பேசுகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களுக்கு முதுகைப் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர்களுக்குக் குறைவில்லை. 2020இல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு முதுகுவலி இருந்ததாக உலக நோய்ச்சுமைக் கணக்கெடுப்பு சொல்கிறது. முதுகுவலி அவ்வளவு சாதாரணமானது. பெரும்பாலும் தானாக ஆறுவது. ‘இப்படி உட்கார்ந்தால் முதுகெலும்பு வளைந்துவிடும்’ என்று மிரட்டி வளர்க்கப்படும் பிள்ளை, முதல் வலி வந்ததும் ஓடியாடுவதை நிறுத்திவிடும். அது வலியை நீட்டிக்கும் வழி. உண்மையிலேயே முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ், பதின்ம வயதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு வருகிறது. பையும் கூனும் அதற்குக் காரணமல்ல. அதற்கு வேண்டியது அறிவுரை அல்ல, கண்டுபிடிப்பு. பிள்ளையை முன்னே குனியவைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்க விலா மேடாகத் தெரியும்; சிங்கப்பூர் 1980களின் தொடக்கத்திலிருந்தே பள்ளிகளில் இதைப் பரிசோதித்து வருகிறது. வளரும் வயதில் கண்டுபிடித்துவிட்டால் பட்டை அணிவித்து வளைவைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. 2013இல் வெளியான அமெரிக்க-கனடா ஆய்வில் பட்டை அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு அறுவை அளவுக்கு வளைவு போகவில்லை. வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் அது 48. இதுபோக, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்த வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, பூப்பந்தோ நடனமோ ஆடும் பிள்ளைக்கு முதுகைப் பின்னால் வளைக்கும்போதெல்லாம் வலிப்பது, இவற்றை மசாஜுக்கு அனுப்பக் கூடாது; மருத்துவரிடம் காட்ட வேண்டும். காசநோய் இன்னும் ஒழியாத நாட்டில் முதுகெலும்புக் காசநோயையும் மனத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.

இனி நேரத்தைப் பற்றி. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் மொழிக்கும் கடன் கொடுப்பதற்கு தொடக்கப்பள்ளியின் இறுதியில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு நெடுங்காலம் சாக்காக இருந்தது. அந்தத் தேர்வு 2021இல் ரத்தானது. அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3யும் போனது. சாக்கு போனபின்னும் பழக்கம் போகாத பள்ளிகள் உண்டு. மழை வந்தால் வகுப்புக்குள் பயிற்சித்தாள், ஆசிரியர் விடுப்பில் போனால் வகுப்புக்குள் பயிற்சித்தாள், ஆண்டிறுதி நிகழ்ச்சி ஒத்திகை என்றாலும் முதலில் பலியாவது உடற்கல்விதான். இதைப் பெற்றோர்தான் கேட்டாக வேண்டும், ஏனென்றால் இதுவரை எதிர்த்திசையில் நெருக்கியது பெற்றோர்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பை எத்தனை கிலோ, அலமாரி எப்போது வரும் என்ற கேள்விகள் தவறாமல் எழுகின்றன. அந்தக் கூட்டத்திலேயே இன்னும் இரண்டைக் கேட்கலாம்: போன மாதம் அட்டவணையில் இருந்த உடற்கல்விப் பாடவேளைகளில் எத்தனை நடந்தன? நான்காம் ஆண்டுப் பிள்ளைகளின் ‘செகாக்’ முடிவுகள் முதல் சோதனைக்கும் இரண்டாம் சோதனைக்கும் இடையே ஏறினவா, இறங்கினவா? இரண்டுக்கும் விடை தலைமையாசிரியர் அறைக் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது.